நாற்பது வோல்ட்

மூன்றாவது தடவையும் அதைத் தோளில் வைத்துக்கொண்டு
காஸ் வேர்க்ஸ் தெருப் படிகளில் ஏறி வந்தான் நளீர்.
"சத்தம் வருது, சொல்லு வருதில்ல."
விரியலாக்கியின் நெற்றியில் நூறு வாட் என்றொரு ஸ்டிக்கர்.
ஸ்டிக்கர் பொய் சொன்னால்
எவரும் பொலிசுக்குப் போவதில்லை.

கொம்பனித்தெருவில், வீடுகளை உடைப்பது பற்றிய கூட்டம்.
அதிகாரி முக்கால் மணித்தியாலம் பேசினாராம்.
பதினாலாம் மாடி, லிஃப்ட், ஐந்நூறு சதுர அடி,
ஓர் எழுத்தும் சிதறவில்லை.
பிறகு ஜெனீரா மைக்கைப் பிடித்தாளாம்.
தகரத்தைத் தார் ரோட்டில் இழுத்த மாதிரி.
"கத்தாம சொல்லுங்க, ஒண்டும் விளங்கல்ல"
என்று அவர் பேனையை மூடிவிட்டாராம்.

மீற்றரை நான் எடுக்கவில்லை.
மீற்றர் மரியாதை தெரிந்தது.
சுவரில் வைத்தால் இருநூற்று முப்பது என்று சொல்லும்,
அந்தச் சுவருக்குள்
செக்கனுக்கு நூறு தடவை
முன்னூற்று இருபத்தைந்து வந்து தலையைக் காட்டிப் போகும்.
இடைவர்க்க மூலம் என்று உயர்தரத்தில் படித்தோம்.
சூடாக்கும் வேலைக்கு அது போதும்,
கேத்தலுக்கு, இஸ்திரிப் பெட்டிக்கு.

மின்சார பில்லின் பின்புறத்தில் எழுதினேன்:
நூறு வாட். ஸ்பீக்கர் எட்டு ஓம்.
பெருக்க எண்ணூறு.
வர்க்கமூலம் இருபத்தெட்டு தசம் இரண்டு எட்டு.
அலையின் உச்சிக்கு
இரண்டின் வர்க்கமூலத்தால் இன்னொரு பெருக்கல்.
நாற்பது.
தசமே இல்லாமல் வந்தது.
கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்தால் எனக்குச் சந்தேகம்,
திரும்பவும் பெருக்கினேன்.
நாற்பதேதான்.

மூடியைக் கழற்றினால்,
பாரம் ஏறியதும் உள்ளே நிற்பது முப்பத்தாறு.
அதில் மூன்றைத் திரான்சிற்றர்கள் தின்னும்.
முப்பத்துமூன்றை முப்பத்துமூன்றால் பெருக்கி
பதினாறால் பிரித்து
ஸ்டிக்கரின் மேல் பேனையால் எழுதினேன்: அறுபத்தெட்டு.

நளீரின் போனில் அந்தக் கூட்டம் இருந்தது.
அலைவுகாட்டியில் ஓடவிட்டோம்.
அதிகாரியின் குரல் பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் ஏறவே இல்லை,
ஏசி அறையில் வளர்ந்த குரல்.
ஜெனீரா "இது எங்கட" என்று தொடங்குகிறாள்,
அதற்குப் பிறகு
உச்சி எல்லாம் மொட்டைமாடி.
வெட்டிய இடத்தில் என்ன சொன்னாள் என்று
எந்தக் கணக்காலும் திரும்ப எடுக்க ஏலாது.

"வொலியூமைக் குறைச்சிருக்கலாமே?"
குறைத்தால் கடைசி வரிசைக்குக் கேட்காது.
கடைசி வரிசையில் யார் இருந்தது?
நளீர் யோசித்தான்.
"அவட ஆக்கள்தான். கதிரை முன்னுக்கு மட்டும்தானே போட்டது."

முப்பத்தைந்து வோல்ட் சுருள் வாங்கிவரச் சொன்னேன்.
வெறுமனே நிற்கையில் நாற்பத்தொன்பதரை,
பாரத்தில் நாற்பத்தைந்து, மூன்று போக நாற்பத்திரண்டு.
கொள்ளளவி ஐம்பது வோல்ட் போதாதா என்று கேட்டான்,
அறுபத்துமூன்றுக்கு விலை கூட.
இரவு பதினொன்றுக்குக் கொழும்பில் கடைகள் மூடியதும்
சுவரில் இருநூற்று நாற்பத்தைந்து ஏறும்,
அப்போது உள்ளே ஐம்பத்திரண்டைத் தாண்டும்,
ஐம்பதுக்காரன் வயிறு வீங்கி வெடிப்பான் என்றேன்.
கூட்டத்துக்கு வாடகை மூவாயிரத்து ஐந்நூறு.
சாமானுக்கு அதைப்போல மூன்று மடங்கு.
விரல்களை மடக்கி விரித்தான்,
பிறகு ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினான்.
வியாழக்கிழமை அடுத்த கூட்டம்.

புதனிரவு பொருத்தி முடித்தேன்.
கீழே லொறி ஒன்று பின்வாங்கும் சத்தம்.
சோதனை அலை நாற்பது வரை ஏறி
உருண்டையாகவே திரும்பியது.
மைக்கைச் செருகி, ஒன்று, இரண்டு, மூன்று என்றேன்.
பதினொரு வோல்ட்.
இன்னும் உரத்து என் பெயரைச் சொன்னேன், பதினொன்றரை.
கடை வாடகையை நினைத்துக்கொண்டு சொன்னேன், பதின்மூன்று.

மேலே இருபத்தேழு வோல்ட் இடம்
சும்மா கிடந்தது.
அதற்குள் வைக்க
அன்றிரவு என்னிடம் ஒரு சொல் இருக்கவில்லை.
ஆளியை அணைத்தேன்,
ஸ்பீக்கர் ஒருமுறை டப் என்றது.